எட்டாவது பீரியட்

ஜூன் 9, ஞாயிறு

அம்மா கணக்கு எழுதும் தீப்பெட்டிக் கம்பெனியில் புது வருடத்துக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து அலமாரியில் கிடந்தது. நான் ஜூனில் ஆரம்பிக்கிறேன். முந்தைய பக்கங்கள் காலி. அந்த மாதங்களில் நான் ஐந்தாம் வகுப்பு. எழுத ஒன்றும் இல்லை.

நாளை ஆறாம் வகுப்பு. பெரிய பள்ளிக்கூடம். முதல் முறையாகச் சுடிதார். அப்பா அங்கேதான் பி.டி. சார்.

சாப்பிடும்போது அப்பா ஒரு விதி சொன்னார்.

"பள்ளிக்கூடத்துல நான் உனக்கு சார் மட்டுந்தான், செம்பா. அப்பான்னு கூப்பிடாத. யாருகிட்டயும் சொல்லவும் வேண்டாம். நான் முன்னால சைக்கிள்ல போயிருதேன். நீ பின்னால நடந்து வா."

"சரி சார்" என்றேன்.

அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. இவ்வளவு கண்டிப்பானவர் என்று எனக்குத் தெரியாது.

சுடிதாருக்கு இஸ்திரி போட வேண்டும். எங்கள் இஸ்திரிப் பெட்டி மூன்று வீடு தள்ளி இருக்கிறது. ஏணி அதற்கும் அப்பால். யார் எதைக் கேட்டாலும் அப்பா கொடுத்துவிடுவார். எங்கள் சாமான்களுக்கு எங்களைவிடத் தெருவை நன்றாகத் தெரியும். அம்மா சொம்பில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி அதைத் துணிமேல் தேய்த்தாள். வட்டமாக ஒரு தடம் விழுந்தது.

ஜூன் 10, திங்கள்

ஆறு பி. வகுப்பில் மூன்று செண்பகவல்லி. கோவில்பட்டியில் இப்படி நடக்கும். அம்மன் பெயர். வகுப்பு டீச்சர் ரெஜினா எங்கள் மூவரையும் எழுப்பி நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தார். இனிமேல் இன்ஷியல்தான் என்றார். கோ. செண்பகவல்லி கோனா ஆனாள். சு. செண்பகவல்லி சூனா. நான் மானா.

பழைய பள்ளியில் ஒரே டீச்சர். கணக்கு, அறிவியல், அறுந்த பொத்தானைத் தைப்பது எல்லாம் அவரே. இங்கே மணி அடித்தால் ஆள் மாறுகிறது. யார் உள்ளே வந்தாலும் எழுந்து "வ-ண-க்-க-ம்" என்று இழுத்துப் பாடவேண்டும். நான்காவது பீரியடில் தண்ணீர்க் கேன் போடுகிறவர் வந்தார். எழுந்து பாடினோம். அவர் கேனைத் தோளிலிருந்து இறக்காமலேயே, "உக்காருங்க, உக்காருங்க" என்றார். இன்று வந்தவர்களில் அவர்தான் சந்தோஷமாக இருந்தார்.

என் பெஞ்சில் ஜெர்லின் என்று ஒருத்தி. சுருட்டை முடி, பெரிய குரல். நாள் முழுக்க எனக்கு முதுகைக் காட்டி அந்தப் பக்கத்துப் பெண்ணோடு பேசினாள். அவர்கள் இருவரும் ஒரே பள்ளியிலிருந்து வந்தவர்கள். சாப்பாட்டு நேரத்தில் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன். சுவர் பச்சை.

செவ்வாயும் வெள்ளியும் எட்டாவது பீரியட், பி.டி.

ஜூன் 11, செவ்வாய்

எட்டாவது பீரியடுக்கு மணி அடித்ததும் எல்லாரும் ஷூ கயிற்றை இறுக்கினார்கள். அப்பா வாசலில் வந்து நின்றார். வாயில் விசில். கக்கத்தில் பந்து. என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. இருவரும் நன்றாகச் செய்தோம்.

அப்பா விசிலை ஊதுவதற்குள் பின்னாலேயே கணக்கு தெய்வநாயகம் சார் வந்தார். உதவித் தலைமை ஆசிரியரும் அவர்தான். சிலபஸ் நிறைய இருக்கிறது, இந்த பீரியடை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பள்ளி திறந்து இரண்டாவது நாள்.

அப்பா விசிலை வாயிலிருந்து எடுத்தார். சட்டையில் துடைத்தார். பந்தை வலது கக்கத்திலிருந்து இடது கக்கத்துக்கு மாற்றினார்.

"எடுத்துக்கோங்க சார்."

போய்விட்டார்.

முன் பெஞ்சு சீனிராஜ் திரும்பினான். அவனுடைய அண்ணன் ஒன்பதாம் வகுப்பு. எல்லாம் தெரிந்தவன். "இவரு பேரே எடுத்துக்கோதான்" என்றான். "எங்கண்ணன் ஆறாப்பு படிக்கும்போதே அந்தப் பேருதான். நாம பந்தத் தொடப்போறது பன்னெண்டாப்புலதான் பாத்துக்கோ."

கோடி வரை இடமதிப்பு படித்தோம்.

வீட்டில் அப்பா கேட்டார்: "கணக்கு எப்படி இருந்துச்சு?"

ஜூன் 14, வெள்ளி

எட்டாவது பீரியட். கணக்கு.

ஜூன் 18, செவ்வாய்

கணக்கு.

ஜூன் 21, வெள்ளி

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இரண்டாவது பீரியடில் ஜெர்லின் முதல் முறையாக என் பக்கம் திரும்பி ஸ்கேல் இருக்கிறதா என்று கேட்டாள். நான் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் யாராவது எதையாவது கேட்டால் வரும் பதில் ஒன்றுதான். அது என் தொண்டையிலும் இருந்திருக்கிறது. ஸ்கேலை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினேன்.

"எடுத்துக்கோங்க சார்."

அப்பாவின் குரல். நான் செய்யவில்லை. தானாக வந்தது.

ஜெர்லின் என்னையே பார்த்தாள். பிறகு நெற்றியை டெஸ்க்கில் வைத்துக்கொண்டு சிரித்தாள். முதுகு குலுங்கியது. "ஏட்டி, இன்னொரு தடவ சொல்லு." சொன்னேன். சீனிராஜ் திரும்பினான். அவனுக்காகவும் சொன்னேன். கோனாவும் சூனாவும் இடைவேளையில் வந்து கேட்டார்கள்.

மதியம் ஒரு கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். ஜெர்லின் தன் முட்டையில் பாதி கொடுத்தாள்.

வீட்டில், எனக்கு ஃப்ரெண்ட்ஸ் கிடைத்துவிட்டார்கள் என்றேன். அம்மா கன்னத்தைத் தட்டினாள். அப்பா எப்படி என்று கேட்டார்.

சும்மா பேசித்தான் என்றேன்.

ஜூலை 1, திங்கள்

அப்பாவைக் கவனிக்க ஆரம்பித்திருக்கிறேன். நன்றாகச் செய்ய வேண்டும் அல்லவா.

யோசிக்கும்போது காது மடலை இழுக்கிறார். "எடுத்துக்கோங்க" சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அதில் அவர் மூச்சை உள்ளே இழுக்கிறார். வேறு எதையோ சொல்லப்போகிற மாதிரி. அந்த இடைவெளியை விட்டுவிட்டுத்தான் இவ்வளவு நாளும் செய்திருக்கிறேன். அதைச் சேர்த்தால் சிரிப்பு அதிகம்.

இன்று சாயங்காலம் பந்துகளை வலைப்பையில் போட்டுச் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனார். காற்று அடிக்க. ஒவ்வொரு திங்கள்கிழமையும், ஒவ்வொரு வியாழக்கிழமையும் போகிறார். மறுநாள் பி.டி. என்பதால்.

விளையாடாத பந்திலும் காற்று இறங்கும் போலிருக்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

மதியம் பள்ளிக் குழாயடியில் இப்போது தினமும் கூட்டம். ஏழாம் வகுப்பிலிருந்தெல்லாம் வருகிறார்கள். சீனிராஜ் தெய்வநாயகம் சாராக வந்து கேட்பான். நான் விசிலைத் துடைப்பேன். காது மடலை இழுப்பேன். இடைவெளி. பிறகு சொல்வேன்.

"எப்படிட்டி இவ்வளவு கரெக்டா செய்த?" என்று ஜெர்லின் கேட்டாள்.

"பாத்துதான்."

சார்கள் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. அப்பா மட்டும் மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ரொம்பத் தூரத்தில். குனிந்தபடி. கோடு ஓர் இடத்தில் கொஞ்சம் வளைந்திருந்தது. பிறகு நேராகிவிட்டது.

எட்டாவது பீரியட், கணக்கு.

ஜூலை 15, திங்கள்

கல்வி வளர்ச்சி நாள். பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனேன். சுவரில் ஆசிரியர்களின் பெயர்ப் பலகை. கறுப்புப் பலகையில் வெள்ளைப் பெயின்ட். கடைசிப் பெயர் மட்டும் சாக்பீஸ். ப. மந்திரமூர்த்தி, உடற்கல்வி. அப்பாவின் கையெழுத்து.

அம்மாவிடம் கேட்டேன். அம்மா புளி கரைத்துக்கொண்டே சொன்னாள்.

"அவுகளுக்கு இன்னும் நிரந்தரம் ஆகல. வருசா வருசம் ஜூன்ல புதுசா ஆர்டர் போடுவாக. உதவி எச்செம் நல்லவிதமா ஒரு வார்த்த சொன்னாத்தான் போடுவாக."

"உதவி எச்செம்னா கணக்கு சாரா?"

"ஆமா. ரசத்துக்குக் கொத்தமல்லி இருக்கான்னு பாரு."

கொத்தமல்லி இருந்தது.

ஜூலை 16, செவ்வாய்

குழாயடியில் இன்று செய்யவில்லை. தொண்டை சரியில்லை என்றேன். ஜெர்லின் பனங்கற்கண்டு கொடுத்தாள். நாளைக்குச் சரியாகிவிடும் என்றாள். நாளைக்கு எட்டு ஏ பிள்ளைகள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

ஜூலை 17, புதன்

செய்தேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

டிபன் டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டேன். மூன்றாவது பீரியடில் அப்பா வகுப்பு வாசலில் நின்றார். கையில் என் டப்பா.

"ம. செண்பகவல்லி யாரு?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாதவர் மாதிரி எல்லா பெஞ்சையும் பார்த்தார்.

"நான்தான் சார்."

"இது வராண்டாவுல கெடந்துச்சு. உன்னுதா பாரு."

"ஆமா சார். நன்றி சார்."

அவர் என்னைவிட நன்றாக நடிக்கிறார்.

சாப்பாட்டு நேரத்தில் ஜெர்லின் டப்பா மூடியைத் திருப்பிப் பார்த்தாள். அம்மா கல்யாணத்துக்கு வந்த டப்பா. மூடியில் வெட்டியிருக்கிறது: ப. மந்திரமூர்த்தி. எனக்கு இட்லி இறங்கவில்லை. ஜெர்லின் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"உங்கப்பாவா?"

"ம்."

"கெத்தான பேரு" என்றாள். மூடியை வைத்துவிட்டுத் தன் தயிர்சாதத்தை எடுத்தாள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் யாருக்கும் அவருடைய பெயர் தெரியாது. எடுத்துக்கோ என்றுதான் தெரியும். நான் தப்பித்தேன். தப்பித்த பிறகும் கொஞ்ச நேரம் இட்லி இறங்கவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

செப்டம்பர் ஐந்து ஆசிரியர் தினம். இந்தப் பள்ளியில் அன்று பிள்ளைகள்தான் ஆசிரியர்கள். பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார் சேலை கட்டி வகுப்பெடுப்பார்கள். மதியம் மேடையில் ஒவ்வொரு வகுப்பும் ஆசிரியர்களைப் போல நடித்துக் காட்டவேண்டும். முடிந்ததும், யாராக நடித்தோமோ அவருக்கு ஒரு ரோஜா கொடுக்க வேண்டும்.

ரெஜினா டீச்சர் ஆறு பியில் யார் என்று கேட்டார். வகுப்பு மொத்தமும் என்னைக் காட்டியது. கோனா எழுந்தே நின்றுவிட்டாள்.

"யாரா நடிப்ப?"

"பி.டி. சாரா நடிப்பா டீச்சர்" என்றாள் ஜெர்லின். "அப்படியே அவரேதான்."

"பரவாயில்லையே. அவரை யாரும் நடிச்சதே இல்ல" என்றார் டீச்சர். அவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். டீச்சர்களுக்குக் குழாயடி தெரியாது.

சீனிராஜ் கணக்கு சார். ஒத்திகை நாளையிலிருந்து.

ஆகஸ்ட் 29, வியாழன்

காய்ச்சல் வரவில்லை. வெங்காயத்தைக் கக்கத்தில் வைத்தால் வரும் என்று சூனா முன்பு சொல்லியிருந்தாள். வாசனைதான் வந்தது.

ஜெர்லினிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன். அவள் எனக்கு மீசை வரையக் கண்மை கொண்டு வந்திருந்தாள். அவளுடைய அக்காவுக்குத் தெரியாமல்.

சொன்னால் மறுபடி பச்சைச் சுவர். எடுத்துக்கோ மகள். இன்ஷியல்கூட இருக்காது.

செப்டம்பர் 3, செவ்வாய்

சாயங்காலம் அப்பா துணி மடித்துக்கொண்டிருந்தார். நீலப் பனியனை, முதுகில் பி.டி. என்று எழுதியிருப்பதை, தனியாக எடுத்து என் பக்கத்தில் வைத்தார்.

"வியாழக்கிழமைக்கு இதப் போட்டுக்கோ. தொளதொளன்னு இருக்கும். பின்னால ஊக்கு குத்திக்கலாம்."

ரெஜினா டீச்சர் அவரிடம் சொல்லியிருக்கிறார். நான் பனியனைத் தொடவில்லை.

"நான் செய்யலப்பா."

"ஏன்? நல்லாத்தான செய்த."

"எப்பப் பாத்தீங்க?"

"கோடு போட்டுக்கிட்டிருந்தேன்ல அன்னிக்கு." அவர் ஒரு சட்டையை மடித்தார். சரியாக வரவில்லை. உதறி மறுபடி மடித்தார். "காத இழுக்கறது எனக்கே தெரியாது. நீ செஞ்சுதான் தெரிஞ்சுது."

அவர் திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"சார்னு கூப்பிடச் சொன்னது கோவத்துல இல்ல செம்பா" என்றார். "என்னைய என்ன சொல்லிக் கூப்பிடுதாங்கன்னு எனக்குத் தெரியாதா? அது உம்மேலயும் ஒட்ட வேண்டாம்னுதான்."

பிறகு துணியை அடுக்கினார். "அந்தக் கடைசி வசனத்த மட்டும் விட்டுறாத. அதுக்குத்தான் எல்லாரும் சிரிக்காங்க."

செப்டம்பர் 4, புதன்

ஒத்திகை. வசனத்தை விடவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

இன்று எழுத்து கோணும்.

மேடையில் ஆசிரியர்களுக்கு நாற்காலி. அப்பாவுக்கு இல்லை. அவருடைய நாற்காலியை யாரோ கேட்டிருப்பார்கள். அவர் மைதானத்தின் பின்பக்கம் நின்று வரிசைகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பனியன் முழங்கால் வரை வந்தது. கண்மை மீசை வேர்வையில் இறங்கிக்கொண்டிருந்தது. கையில் மைக். நான் வந்து நின்றதுமே சிரிப்பு. சீனிராஜ் வயிற்றில் தலையணை கட்டி வந்தான்.

"சார், சிலபஸ் முடியல. இந்த பீரியட நான் எடுத்துக்கிடவா?"

விசிலை எடுத்தேன். துடைத்தேன். பந்தைக் கக்கம் மாற்றினேன். காது மடலை இழுத்தேன். இடைவெளி வந்தது. மூச்சை உள்ளே இழுத்தேன்.

நான் சொல்வதற்குள் பள்ளிக்கூடமே சொன்னது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை. ஒரே குரலில். பிரார்த்தனைப் பாட்டு மாதிரி.

"எ-டு-த்-து-க்-கோ-ங்-க சார்."

நான் பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தேன். அவருடைய உதடும் அசைந்த மாதிரி இருந்தது. தூரம். சரியாகத் தெரியவில்லை.

இழுத்த மூச்சு இன்னும் உள்ளேதான் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"முடியாது சார்" என்றேன்.

குரல் அப்பாவுடையது.

சீனிராஜுக்கு இதற்கு வசனம் இல்லை. "மானா, மாத்திச் சொல்லுத" என்று கிசுகிசுத்தான். பிறகு தைரியம் வந்து, "சிலபஸ் சார்" என்றான்.

"உங்க பீரியட்ல முடிங்க சார். இது இந்தப் பிள்ளைங்க பீரியட். ஜூன் மாசத்துலருந்து ஷூ மாட்டிட்டு உக்காந்திருக்காங்க."

சீனிராஜ் யோசித்தான். "அப்ப நான் வாரேன் சார்" என்று சொல்லித் திரும்பிப் போனான். பாதி வழியில் தலையணை விழுந்தது. எடுத்துக்கொண்டு ஓடினான்.

கை தட்டினார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் முதலில். விசிலும் அடித்தார்கள். நான் மேடையில் தெய்வநாயகம் சாரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழுதியிருப்பேன்.

ரெஜினா டீச்சர் ரோஜாவைக் கொடுத்தார். மைதானத்தின் பின்பக்கம் வரை நடந்தேன். அப்பா கையை நீட்டினார். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"இந்தாங்கப்பா."

மைக் இன்னும் கையில் இருந்தது. மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அதை ஒருமுறை சொன்னது. மாடிக் கட்டடம் இன்னொரு முறை சொன்னது. அப்பா. அப்பா.

"மைக்க ஆஃப் பண்ணுட்டி" என்றார் அப்பா. அதுவும் கேட்டது.

செப்டம்பர் 6, வெள்ளி

காலையிலிருந்து ஜெர்லின் பேசவில்லை. முதுகு. பெஞ்சில் ஸ்கேலை நடுவில் வைத்திருந்தாள். சீனிராஜ் மட்டும் திரும்பி, நீ சொல்லியிருக்கலாம் என்றான். சொல்லியிருந்தால் சிரித்திருப்பாயா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, சிரித்திருப்பேன், கொஞ்சம் மெதுவாக, என்றான்.

மதியம் டப்பாவை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனேன். ஜெர்லின் பின்னால் வந்தாள்.

"பாத்துதான்னு சொன்ன."

"பாத்துதான்."

"வீட்டுலன்னு சொல்லலல்ல."

"சொல்லல."

அவள் உட்கார்ந்தாள். இடுப்பில் கை வைத்தாள். திடீரென்று குரலைத் தடிமனாக்கி, "எவம்ல அது எஞ் சந்துல வண்டிய நிறுத்துனவன், ஆட்டோ போகாண்டாமா" என்றாள். அவள் அப்பா ஆட்டோ ஓட்டுகிறாராம். தினமும் காலையில் இதைத்தான் முதலில் சொல்வாராம். நான் சிரித்ததில் தயிர் மூக்கில் ஏறியது.

பிறகு கோனா தன் அப்பா வங்கிக்குப் போன் செய்து கத்துவதைச் செய்தாள். சூனா தன் அப்பா பல் தேய்ப்பதை. சீனிராஜ் தன் அப்பா தொலைக்காட்சி பார்த்தபடியே தூங்கி, நிறுத்தினால் மட்டும் விழித்து, "பாத்துக்கிட்டுதான இருக்கேன்" என்பதை. வகுப்பு முழுக்க அப்பாக்கள். மணி அடித்தும் நிற்கவில்லை.

எட்டாவது பீரியட். அப்பா வாசலுக்கு வந்தார். எல்லாரும் வராண்டாவைப் பார்த்தோம். தெய்வநாயகம் சார் வந்தார். சிலபஸ் என்றார்.

விசில். சட்டை. பந்து. இடைவெளி. இவ்வளவு நீளமான இடைவெளியை நான் பார்த்ததில்லை.

"எடுத்துக்கோங்க சார்."

இன்று யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம் என்று இருந்தது.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை.

நேற்றுத்தான் ஏணி வீடு திரும்பியிருந்தது. காலையில் பக்கத்து வீட்டு முருகானந்தம் மாமா தோரணம் கட்ட வேண்டும் என்று அதைக் கேட்டு வந்தார். அப்பா காதை இழுத்தார்.

"இல்லண்ணாச்சி. எங்களுக்கு வேணும்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மாமாவுக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அப்பா ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று அதில் ஏறி ஃபேனைத் துடைத்தார். பிறகு ட்யூப் லைட்டை. அதற்குமேல் துடைக்க ஒன்றும் இல்லை. ஏணியைத் தோளில் வைத்து மாமா வீட்டுக்கு அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

"ஆனா முதல்ல இல்லன்னு சொன்னாகல்ல" என்றாள் அம்மா என்னிடம். குரலைத் தாழ்த்தி. காய்ச்சல் குறைந்த பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல.

செப்டம்பர் 10, செவ்வாய்

எட்டாவது பீரியட்.

அப்பா வந்தார். தெய்வநாயகம் சார் வந்தார். ஜெர்லின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு நகம் அதிகம்.

சார் கேட்டார். அப்பா விசிலை எடுத்தார். துடைக்கவில்லை.

"பாதி எடுத்துக்கோங்க சார்."

தெய்வநாயகம் சாருக்கு முதலில் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். "பாதியா?"

"ஆமா சார். முதல் பாதி பிள்ளைங்க விளையாடட்டும். மிச்சத்துல நீங்க நடத்துங்க."

அப்பாவின் குரல் மேடையில் நான் பேசிய அளவுக்குக் கம்பீரமாக இல்லை. கொஞ்சம் உடைந்தது. கழுத்து நரம்பு தெரிந்தது. எனக்கு அந்தச் சாக்பீஸ் எழுத்து ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும்.

தெய்வநாயகம் சார் கடிகாரத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். என்னைக் கொஞ்சம் அதிகமாகப் பார்த்தார்.

"வேர்த்து விறுவிறுத்து வந்து உக்காருவாங்க. பாதி பீரியட்ல பின்னம் நடத்த முடியுமா சார்? நீங்களே வச்சுக்கோங்க."

அது கோபமா, அலுப்பா, தெரியவில்லை. போய்விட்டார். அப்பா அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். பந்து கையில் இருப்பது மறந்துவிட்ட மாதிரி.

"சார், போலாமா சார்?" என்றான் சீனிராஜ். மெதுவாக. கலைத்துவிடக் கூடாது என்பது போல.

மைதானம் இவ்வளவு பெரியது என்று வகுப்பு ஜன்னலிலிருந்து தெரியாது. அப்பா முதலில் வரிசையில் நிறுத்திக் கை கால் பயிற்சி கொடுத்தார், கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லாரையும் ஒரு சுற்று ஓடச் சொன்னார். ஓடினோம். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. எனக்கு ஓட வராது. கை ஒரு பக்கம் போகிறது, கால் ஒரு பக்கம் போகிறது. கோனா என்னைத் தாண்டினாள். சூனா தாண்டினாள். ஒரு பையன் ஷூ கயிறு கட்ட உட்கார்ந்தவன் எழுந்து வந்து தாண்டினான்.

"பி.டி. சார் மகளப் பாருங்கடா" என்று கத்தினான் சீனிராஜ். மொத்த வகுப்பும் சிரித்தது. அவ்வளவும் எனக்கு. அப்பாவுக்கு ஒரு துளிகூட இல்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் ஓட முடியாது. நடந்தேன்.

நான் அந்தக் கோடியில் இருக்கும்போது கடைசி மணி அடித்தது. மற்ற நாளில் அந்த மணிக்குப் பிறகு வகுப்பில் ஒரு ஈ இருக்காது. இன்று எல்லாரும் பையை மாட்டிக்கொண்டு கோட்டருகே நின்றார்கள்.

"சீக்கிரம் வாட்டி மானா, எனக்கு பஸ் போயிரும்" என்று ஜெர்லின் கத்தினாள். பஸ் நிறுத்தம் அந்தப் பக்கம். அவள் போகவில்லை.

வந்து சேர்ந்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். சார் முகமாக இருக்க முயற்சி செய்தார். வரவில்லை.

பிறகு எல்லாரையும் பார்த்து, சத்தமாக, கணக்கு சார் அறை ஜன்னல் வரை கேட்கிற மாதிரி சொன்னார்:

"வெள்ளிக்கிழமை ரெண்டு ரவுண்டு."

எல்லாரும் "ஐயோ சார்" என்று முனகினார்கள். வெள்ளிக்கிழமை என்று அவர் சொன்னதை யாரும் கவனிக்கவில்லை.